புதிய பல்தட்டுடன் பழகுதல்

முந்திய அத்தியாயத்தில் விவரித்தபடி அச்செடுத்து, மெழுகுக் கட்டையிற் கடிவைத்துப் பார்த்து, பல்லின் நிறத்தையும் அளவையும் வைத்தியரும் வீட்டாரும் தாமுமாக ஒத்துக்கொண்டு, ஈற்றில் ஒரு நாள் வோர்ட் பிளேசிலுள்ள தேசிய பல் வைத்தியசாலையிலிருந்தோ, ஆமர் வீதிப் பக்கத்துத் தனியார் பல் வைத்தியர் ஒருவரின் அறையிலிருந்தோ மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் வாயில் அணிந்தபடியே கிராண்ட்பாஸுக்குத் திரும்பும் ஒருவர், பஸ்ஸைவிட்டு இறங்குமுன்னரே ஒரு முடிவுக்கு வந்துவிடுவது வழக்கம். இந்தச் சாமான் தமக்கு ஒத்துவராது என்பதே அம்முடிவு. வாயை அடைத்துக்கொண்டு எதுவோ கிடக்கிறது என்னும் உணர்ச்சி, நிற்காமல் ஊறும் உமிழ்நீர், அண்ணத்தின் பின்புறத்தைத் தட்டு தொடும்போதெல்லாம் எழும் ஓங்காளம், கொண்டக்டரிடம் இறங்குமிடத்தைச் சொல்ல வாயெடுத்தால் சொல் குழறுகின்ற சங்கடம் ஆகிய யாவும் சேர்ந்து, செலவழித்த பணமும் காத்திருந்த நாட்களும் வீண் என்னும் எண்ணத்தை உண்டாக்குகின்றன. அன்றிரவு கழற்றிக் கிண்ணத்தில் இட்ட தட்டுக்கள் மறுநாட் காலையில் வாய்க்குத் திரும்பாமல், கடதாசியிற் சுற்றப்பட்டு அலுமாரிக்குள் அடங்கிவிட்ட வீடுகள் நம் பகுதியில் அநேகம். கலியாணத்துக்கும் அடையாள அட்டைப் படத்துக்கும் மாத்திரம் அவை வெளியே எடுக்கப்படும்.

இந்த அவசரத் தீர்ப்புக்குக் காரணம், இழந்த பல்லுக்குப் பதிலாகப் பல் கிடைத்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்வதுதான். உண்மையில் கிடைத்திருப்பது ஒரு கருவி. இயற்கைப் பல் எலும்பில் வேரூன்றி நிற்பது. அது தாங்குகின்ற பாரத்தை நாம் உணராமலே நம் தாடை உணர்ந்து அளவிட்டுக் கொள்ளும். கட்டுப்பல்லோ ஈரமான முரசின்மேல் வெறுமனே அமர்ந்திருப்பது. அதனை இருத்திவைக்கும் பொறுப்பு நாக்குக்கும் கன்னத்துக்கும் உதட்டுக்கும் உரியது. புதுச் சீவாளியை வாயில் வைத்த நாதஸ்வரக்காரர் முதல் நாளே கச்சேரிக்குப் புறப்படாமல், உதடும் மூச்சும் அதற்கு இசையும்வரை வீட்டிலிருந்து ஊதிப் பார்ப்பாரல்லவா, அதே பொறுமைதான் இங்கும் வேண்டப்படுவது. மெல்லுகின்ற தசைகள் புதிய முறையொன்றைக் கற்றுத் தேற ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும் என்பது பல் வைத்திய நூல்களின் பொதுக் கணக்கு. வயது முதிர்ந்தோர்க்கும், பல்லின்றி நெடுங்காலம் இருந்து பழகிவிட்டோர்க்கும் இன்னும் சற்று அதிகமாகலாம்.

மேல்தட்டைக் காட்டிலும் கீழ்த்தட்டே பெரும்பாலோரை அழவைப்பது; அதன் நியாயத்தை அறிந்துகொண்டால் மனம் பாதி ஆறும். மேல்தட்டு அண்ணம் முழுவதையும் மூடி, தட்டுக்கும் சவ்வுக்கும் இடையே உமிழ்நீர் மெல்லிய படலமாகப் பரவ, சுற்றோரம் காற்றுப் புகாமல் அடைபட்டு ஒட்டிக்கொள்கிறது. கீழ்த்தட்டு குதிரை லாட வடிவில் நாக்குக்கு இடம்விட்டு வளைந்திருப்பதால், அதற்குக் கிடைக்கும் முரசின் பரப்பு மேலதில் ஏறக்குறைய பாதிதான். போதாக்குறைக்கு ஓயாது அசையும் நாக்கு ஒருபுறமும் உதடு மறுபுறமுமாக அதனைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவருடைய வாயில் எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. நீர்யானைத் தந்தத்திற் கடைந்து அவருக்குச் செய்துகொடுத்த தட்டுக்களை நிலையாக நிறுத்த வழி தெரியாமல், மேலுக்கும் கீழுக்கும் இடையே உருக்குச் சுருள்வில் பூட்டியிருந்தார்கள்; வாயை மூடி வைத்திருப்பதற்கே அம்மனிதர் தாடையை இறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. வில் இல்லாமல், எடை குறைந்த அக்கிரிலிக்கில், நம் முரசின் மேடுபள்ளத்துக்கே வார்த்த தட்டு ஒன்று சிறிது ஆடுகிறது என்று நாம் நொந்துகொள்வதை அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ஆகவே கீழ்த்தட்டு அணிபவர் செய்யவேண்டிய முதல் அப்பியாசம், நாக்கின் நுனியை முன்பற்களின் உட்புறத்தில் மெல்லச் சாய்த்து ஓய்வாக வைத்திருப்பது. நாக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் தட்டின் உள்ளோரம் திறந்து, காற்றுப் புகுந்து, அது மேலே கிளம்பிவிடும்.

இனி, இந்த அத்தியாயத்தில் வாசகர் வேறெதை மறந்தாலும் மறக்கலாகாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். புதிய தட்டினால் உண்டாகும் உபாதைகள் இருவகையின. ஒருவகை தானாகவே தீர்வது. அதனைப் பொறுத்திருக்க வேண்டும். மற்றொருவகை தானாக ஒருபோதும் தீராதது. அதனைப் பொறுத்திருப்பது பேதைமை. நம்மவரோ இரண்டையும் தலைகீழாகச் செய்பவர்கள். உமிழ்நீர் ஊறுகிறதென்று தட்டைக் கழற்றி எறிவார்கள்; புண் குத்துகிறதென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பார்கள்.

உமிழ்நீர் ஊறுவது, புதிதாக வாயிற் புகுந்ததை ஆகாரம் என்று உடல் எண்ணிக்கொள்வதனால். துப்பிக்கொண்டேயிராமல் விழுங்கிவந்தால் சில நாட்களில் அடங்கிவிடும். ஓங்காளமும் அப்படியே, மூக்கினால் நிதானமாக மூச்சுவிட்டு, குளிர்ந்த நீரை ஒவ்வொரு மிடறாகப் பருகி, மனத்தை வேறொன்றிற் செலுத்துவது உதவும். வாய் நிறைந்திருப்பது போன்ற உணர்ச்சியும், கன்னத்தைச் சில வேளை கடித்துக்கொள்வதும், முகக் கண்ணாடியிற் பார்க்கும்போது உதடு சற்று முன்னே தள்ளியிருப்பதாகத் தோன்றுவதும் நாட்செல்ல மறைவன. ஒரு வாரம் கடந்த பின்னரும் ஓங்காளம் குறையாவிடில் மாத்திரம், மேல்தட்டின் பின்னோரம் நீண்டிருக்கக்கூடும் என்று வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

பொறுக்கலாகாதது, குறித்த ஓரிடத்தில், குறித்த ஓர் அசைவின்போது குத்துகின்ற நோவு. தட்டின் ஓரம் முரசை அழுத்துகிறது அல்லது கடி ஒருபக்கம் உயர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். அக்கிரிலிக் தானாகத் தேயாது. முரசுதான் தேயும், புண்ணாகும். புதுத் தட்டுக் கொடுத்த வைத்தியர் இரண்டு மூன்று நாட்களுக்குள் திரும்பி வரும்படி திகதி குறித்துக் கொடுப்பது இதற்காகவே. அத்திகதிக்குப் போகாமல் விடுபவரைப் பற்றி எனக்கு அனுதாபமில்லை. போகின்றவர்களிலும் பாதிப்பேர் செய்யும் காரியம் ஒன்றுண்டு. கிளினிக்கில் இந்தச் சம்பாஷணை ஓயாது கேட்பது:

"செட்டைப் போட்டுக்கொண்டே வந்தனீங்கள் அம்மா?"

"இல்ல டொக்டர், வலி தாங்க முடியாம ரெண்டு நாளா கழட்டி வச்சிட்டேன். பையில இருக்கு."

"அப்ப எந்த இடம் எண்டு நான் எப்பிடிக் காணுறது? சிவப்பெல்லாம் ஆறிப்போச்சு. நாளைக்கு முழுக்கப் போட்டுச் சாப்பிட்டிட்டு, நாளையிண்டைக்கு அதோடையே வாங்கோ."

முரசிலே சிவந்து கிடக்கும் அத்தழும்புதான் வைத்தியர்க்கு வழிகாட்டி. தட்டின் உட்புறத்தில் வெண்ணிறக் களிம்பொன்றைத் தடவி வாயில் வைத்து எடுத்தால், அழுந்துகின்ற இடத்தில் களிம்பு விலகித் தட்டின் நிறம் தெரியும். மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நீலக் கடதாசியை வைத்துக் கடிக்கச் சொன்னால், உயர்ந்திருக்கும் பல் தன்னைத்தானே மையினாற் காட்டிக் கொடுக்கும். அவ்விடத்தைச் சிறு சக்கரத்தால் ஊசிமுனையளவு தேய்த்துவிடுவது ஒருசில நிமிட வேலை. எனவே நோவு மிகுந்தால் தட்டைக் கழற்றி, ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து வாயைக் கொப்பளித்து ஓய்வு கொடுக்கலாமேயன்றி, வைத்தியரைக் காணப்போகும் நாளிலும் அதற்கு முதல்நாளிலும் அணிந்தேயிருக்க வேண்டும். அரம், மண்கடதாசி, நகவெட்டியின் முள், சூடாக்கிய கத்தி என்று குசினியிலும் பட்டறையிலும் கிடப்பனவற்றைக் கொண்டு தாமே ராவிப் பார்ப்பவர்கள், ஊசிமுனையளவு தேய்க்க வேண்டிய இடத்திற்குப் பக்கத்தில் நெல்லளவு தேய்த்துவிட்டுத் தட்டையே கெடுத்துக் கொள்கிறார்கள். மலிவாகவும் உடனடியாகவும் பல் கட்டித் தருவதாகச் சொல்லி, அக்கிரிலிக் பசையை வாய்க்குள்ளேயே பிசைந்து இறுகவிடுகின்ற, இலங்கை மருத்துவ சபையிற் பதிவு பெறாத கைகளிடம் திருத்தத்துக்குக் கூடப் போகவேண்டாம். அப்பசை இறுகும்போது எழும் வெப்பமும் அதிலுள்ள இரசாயனமும் முரசை வேகவைக்கக் கூடியவை.

ஆகார விஷயம் விரிவாகச் சொல்லத் தக்கது. ஏனெனில் பல் கட்டிக்கொள்வதே உண்பதற்காகத்தான் என்று எண்ணுபவர்கள் முதல் வேளையிலேயே ஏமாந்து போகிறார்கள். இரு தாடைக்கும் முழுத்தட்டு அணிந்த ஒருவரின் கடிவலிமை, சொந்தப் பல்லுள்ளவரின் வலிமையில் நாலிலொரு பங்கோ ஐந்திலொரு பங்கோதான். நன்றாகப் பழகிய பின்னரும் அது முழுமையாகத் திரும்புவதில்லை. இதனை ஏற்றுக்கொண்டு, வாய் செய்யவேண்டிய வேலையின் ஒரு பகுதியைக் கத்திக்கும் அடுப்புக்கும் மாற்றிக் கொடுப்பதே விவேகம். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் கஞ்சியும், குழைய வடித்த சோறும் பருப்பும், சொதியில் ஊறிய இடியப்பமும், கரை நீக்கிய பாணும், முட்டைப் பொரியலும், பக்கத்து வீட்டு முஸ்லிம் அன்பர்கள் கொடுத்தனுப்பினால் வட்டிலப்பமும் போதுமானவை. பின்னர் பிட்டு, அவித்த மரவள்ளி, எலும்பகற்றிய கோழி என்று படிப்படியாக ஏறலாம். கணவாயும் மாட்டிறைச்சியும் முறுக்கும் கடைசிப் படிகள். அவற்றுக்கு ஏறாமலே நின்றுவிட்டாலும் குடிமுழுகிப் போகாது.

கவளம் சிறிதாயிருக்கட்டும், அதனை நாக்கினால் இரண்டாகப் பிரித்து, வலப்பக்கக் கொடுப்பிலும் இடப்பக்கக் கொடுப்பிலும் ஒரேசமயத்தில் வைத்து, மேலும் கீழுமாக நிதானமாக மெல்லவேண்டும். சொந்தப் பல்லுடன் இருந்த காலத்தில் நாம் ஒரு பக்கமாக மென்றவர்கள்; அதே பழக்கத்தைத் தட்டுடனும் தொடர்ந்தால், அழுத்திய பக்கம் தாழ மறுபக்கம் கிளம்பும். முன்பற்களால் கடித்து இழுப்பது அதனிலும் தீது. மாங்காயையும் சோளப் பொத்தியையும் அப்பிளையும் முன்னே கடித்தவுடன் மேல்தட்டின் பின்னோரம் அடைப்பு நீங்கி விழும். ஆதலால் எதனையும் துண்டாக நறுக்கிக் கடைவாய்க்குக் கொடுப்பதே முறை. தொதலும் மஸ்கட்டும் தட்டைப் பிடித்து இழுப்பவை. எள்ளுருண்டையும் கொய்யாப்பழமும் வேறொரு விதத்திற் பொல்லாதவை: ஓர் எள், ஒரு கொய்யா விதை தட்டுக்கும் முரசுக்கும் இடையே புகுந்துவிட்டால், கழற்றிக் கழுவும்வரை வேறொரு சிந்தனைக்கும் இடங்கொடாது.

மீன் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆற்றுக்கு அப்பால் பேலியகொடையிற் பெருஞ்சந்தை இருக்க, மீனின்றிச் சோறிறங்காத ஊர் நம்முடையது. அதிலும் கீரிமீனும் சூடையும் மெல்லிய முள் மலிந்தவை. சொந்தப் பல்லோடிருந்த நாளில் முள்ளை நமக்கு முதலிற் காட்டிக் கொடுத்தது பல் அன்று, அண்ணமும் நாக்கும். இப்போது அண்ணத்தைத் தட்டு மூடியிருப்பதால், முள் தொண்டையைத் தொட்ட பிறகே தெரியவரும். ஆகவே முதல் சில மாதங்களுக்கு அறக்குளா போன்ற தடித்த மீனின் நடுத்துண்டமே உகந்தது. சிறுமீனாயின், கையினால் உதிர்த்து ஒருமுறைக்கு இருமுறை தடவிப் பார்த்த பின்னரே வாய்க்குப் போகவேண்டும். கொதிக்கும் தேநீருக்கும் இதே நியாயம். உதட்டில் வெதுவெதுப்பாகத் தெரிவதை அண்ணம் எச்சரிக்காமல் விட்டுவிட, தொண்டை வெந்துபோகும். ருசி போய்விட்டது என்னும் முறைப்பாட்டுக்கும் காரணம் இந்த மூடிய அண்ணமே. ஆனால் சுவையறியும் மொட்டுக்களில் மிகப் பெரும்பாலானவை நாக்கின்மேல் உள்ளவையாதலால், சில வாரங்களில் மாசிச் சம்பலின் காரம் தன் பழைய ஸ்தானத்துக்குத் திரும்பிவிடும்.

வெற்றிலை போடுபவர்கள் என்மீது கோபம் கொள்ளலாகாது. பாக்கைப் பாக்குரலில் இடித்துப் போட்டால் தட்டுக்குச் சேதமில்லை என்று நினைப்பது வழக்கம். சேதம் தட்டுக்கு மாத்திரமா? சுண்ணாம்புக் கறை தட்டில் ஏறிப் படிவது சிறு காரியம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், ஏன், பாக்குத் தானுமே மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என்று தீர்த்துச் சொல்லியிருக்கிறது. அத்துடன், நெடுநாள் பாக்கு மென்றவரின் கன்னத் தசை நாராக இறுகி வாய் திறக்கும் அளவு குறைந்துவிட்டால், அச்செடுப்பதும் தட்டை உள்ளே நுழைப்பதும் பெரும்பாடாகின்றன. புதிய தட்டுக் கிடைத்த நாள், அப்பழக்கத்துக்கு விடைகொடுக்க ஏற்ற நாள்.

பேச்சைத் திருத்திக்கொள்வது உணவைக் காட்டிலும் எளிது. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துக்கள் பிறக்கும் இடங்களை வகுக்கையில், தலை, மிடறு, நெஞ்சு என்பவற்றோடு பல்லையும் இதழையும் நாவையும் மூக்கையும் அண்ணத்தையும் வைத்து எண்ணுகிறார். வகரம் பல்லும் இதழும் பொருந்தப் பிறப்பது; தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நாக்கு ஒற்றப் பிறப்பவை. பல் புதிதாகி, அண்ணமும் ஒரு தட்டின் தடிப்பளவு கீழிறங்கிவிட்டால், நாக்கு தன் பழைய இலக்கைத் தேடித் தடுமாறுவதில் வியப்பில்லை. மருந்து, உரத்து வாசிப்பதொன்றே. 1930ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் திகதி தொடங்கிய வீரகேசரி, கிராண்ட்பாஸ் வீதியையே தன் முகவரியாகக் கொண்ட பத்திரிகை. நம் வீதியின் பத்திரிகையை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, தலையங்கத்தைக் காலையில் கால்மணி நேரம் நிறுத்தி நிறுத்தி வாசித்தாற் போதும். எந்தச் சொல் வழுக்குகிறதோ அதனையே திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். அறுபதிலிருந்து எழுபதுவரை எண்ணுவதும் நல்ல அப்பியாசம். தேவாரம் பாடும் வழக்கமுடையவர்க்கு நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை. நெடிலை நீட்டிப் பாடுவது நாக்கைத் தானாகவே பழக்கிவிடும். பேசும்போது பற்கள் ஒன்றோடொன்று இடித்து 'டக் டக்'கென்று ஓசையெழுவது இரண்டு வாரத்துக்கு மேலும் நீடிக்குமாயின், கடியின் உயரம் மிகையென்று பொருள். அது வைத்தியர் தீர்க்கவேண்டியது.

இங்கே வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. 'எல்லாரோடும் இருந்து சாப்பிடுங்கோ' என்று அன்பினால் வற்புறுத்துவது நம் சுபாவம். என் அபிப்பிராயத்தில், முதல் சில நாட்களுக்கு அவர் தனியே, அவசரமின்றி, வேண்டுமானால் கழற்றி மாட்டிக்கொண்டு உண்பதற்கு விட்டுவிடுவதே மேலான உபசாரம். பேரப்பிள்ளைகள் முதல் நாளில் ஒருமுறை சிரித்துவிட்டுப் போகட்டும்; மறுநாளும் சிரிப்பதைப் பெரியவர்கள் தடுக்கவேண்டும். கலியாணப் பந்தி முதல் மாதத்துக்கு வேண்டாம். பூசைக்குப் போகும் கத்தோலிக்க அன்பர்கள் ஒரு சிறு சங்கடத்தை எதிர்பார்த்திருக்கலாம்: நற்கருணை அப்பம் ஈரமின்றி மேல்தட்டில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். வாங்குமுன் நாக்கினால் தட்டை நனைத்துக்கொண்டால் அத்தொந்தரவில்லை.

இரவில் தட்டைக் கழற்றிவிட வேண்டும். பகல் முழுவதும் அழுந்திக்கிடந்த முரசுக்கு இரவே ஓய்வு. ஓயாது மூடிக்கிடக்கும் அண்ணத்திலோ பங்கசு படர்ந்து, நோவில்லாமலே அது செக்கச் சிவந்துவிடும். ஒன்றிரண்டு பல் மட்டும் பதித்த சிறு தட்டை அணிபவர் தூக்கத்தில் அதனை விழுங்கிவிடும் அபாயமும் உண்டு. கழற்றிய தட்டை உலரவிட்டால் அதன் வடிவம் மாறும். மூடியுள்ள பேணியொன்றில் குளிர்ந்த நீரில் இட்டு, பிள்ளைகள் தண்ணீரென்று எடுத்து ஊற்றிவிடாத இடத்தில் வைக்கவேண்டும். கொதிநீர் அக்கிரிலிக்கை நெளியச் செய்துவிடும். நெளிந்த தட்டை மீட்க வழியில்லை.

கழுவும் இடத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். நம் பகுதியில் 'தோட்டம்' எனப்படும் நெருக்கமான குடியிருப்புக்களிலே பல குடும்பத்துக்குப் பொதுவான தண்ணீர்க் குழாயும், அதன் கீழே சீமெந்துத் தளமும் அமைந்திருப்பது வழக்கம். காலையில் வரிசையில் வாளிகள் காத்திருக்க, சவர்க்காரம் பூசிய தட்டு கையிலிருந்து வழுகி அந்தச் சீமெந்தில் விழுமானால், முழங்கையுயரத்திலிருந்து விழுந்தாலும் இரண்டாகப் பிளக்கும். ஆகையால் ஒரு பேசினில் பாதியளவு தண்ணீர் விட்டு, அல்லது மடித்த துவாயை விரித்து, அதன்மேல் தாழப் பிடித்துக் கழுவுக. கீழ்த்தட்டை உள்ளங்கையில் இறுக்கிப் பிழிவதும் ஆகாது, நடுவே முறியும். மென்மையான தூரிகையும் சாதாரண சவர்க்காரமுமே போதும். உமிக்கரியும் பற்பொடியும், வாசனை மிக்க பற்பசையுங்கூட, அக்கிரிலிக்கின் மினுக்கத்தைக் கீறி, அக்கீறல்களில் அழுக்குத் தங்க வழிசெய்கின்றன. கடையில் விற்கும் ஊறவைக்கும் மாத்திரையைப் பயன்படுத்துவோர், காலையில் தட்டை நல்ல நீரில் அலசிய பின்னரே அணியவேண்டும்; அம்மாத்திரை வாய்க்குள் போகும் மருந்தன்று. தட்டைக் கழுவியதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணாமல், முரசையும் அண்ணத்தையும் நாக்கையும் நனைத்த துணியாலோ தூரிகையாலோ துடைப்பதும் அவசியம்.

நம் பாட்டன்மார் அணிந்த தட்டுக்கள் அக்கிரிலிக்காலானவை அல்ல. கந்தகம் சேர்த்து வேகவைத்து இறுக்கிய இரப்பரால், வல்கனைட்டால் ஆனவை. 1876இல் கியூ தோட்டத்தினர் அனுப்பிய இரப்பர் நாற்றுக்கள் நடப்பட்ட ஹெனரத்கொடைத் தோட்டம், இங்கிருந்து விக்டோரியா பாலத்தைத் தாண்டிக் கண்டி வீதியால் போனால் அதிக தூரமில்லை. கறுத்துச் சிவந்த நிறமும், நாளடைவில் வாடையை உறிஞ்சிக்கொள்ளும் குணமும் உடைய அத்தட்டுக்களை 1930களின் பிற்பகுதியில் வந்த அக்கிரிலிக் மெல்ல மெல்ல ஒதுக்கிவிட்டது.

பல் பிடுங்கிய அன்றே தட்டு அணிந்துகொண்டவர்கள், அதாவது பல்லில்லாமல் ஒருநாளும் வெளியே தலைகாட்ட விரும்பாதவர்கள், மற்றவர்களிலும் அதிகமாக வைத்தியரிடம் அலைய வேண்டியிருக்கும். பல் போன இடத்து எலும்பு முதல் ஆண்டிலேயே, அதிலும் முதல் ஆறு மாதத்திலேயே வேகமாகக் கரைவதால், அன்று பொருந்திய தட்டு சில மாதங்களில் தொளதொளத்துப் போகும். அப்போது உட்புறத்துக்குப் புதிய படலம் வார்த்துக் கொடுப்பார்கள். எலும்பு கரைவது பின்னர் வேகம் குறையுமேயன்றி நிற்பதில்லை. டால்கிரன் என்னும் ஆய்வாளர், முழுத்தட்டு அணிந்தோரைத் தொடர்ந்து கவனித்து, இருபத்தைந்து ஆண்டுக் காலத்தைத் தழுவியதாக 1972இல் வெளியிட்ட ஆய்வில், கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்வதைக் கண்டார். ஆகவே, நன்றாயிருந்த தட்டு சில ஆண்டுகளின் பின் ஆடத் தொடங்குவது தட்டின் குற்றமன்று. ஒட்டுப் பசையை வாங்கித் தடவிச் சமாளிப்பது ஒரு கலியாணத்துக்கோ ஒரு பிரயாணத்துக்கோ உதவலாம். நாள்தோறும் பசை அதிகம் தேவைப்படுமாயின் தட்டு மாற்ற வேண்டியதாயிற்று என்று அறிக. பல் முழுவதும் போன பிறகு பல் வைத்தியரிடம் என்ன வேலை என்று கேட்பவர்கள் உளர்; ஆண்டுக்கொருமுறை போய் வாயைக் காட்டுவதே அந்த வேலை. தட்டைத் திருத்திய பின்னும் இரண்டு வாரத்துக்குள் ஆறாத புண்ணையும், சுரண்டினாற் போகாத வெள்ளைத் திட்டையும், காரணமில்லாத செந்திட்டையும் 'செட் உராய்ந்தது' என்று தள்ளிவிடாமல் உடனே காட்டவேண்டும். வைத்தியர் மஹரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தால், அந்தப் பெயரைக் கேட்டே அஞ்சி வீட்டில் இருந்துவிடலாகாது. வாய்ப் புற்றுநோய் தொடக்கத்திற் கண்டால் தீர்க்கத் தக்கது.

தட்டு உடைந்துவிட்டால், கடையில் வாங்கிய உடனடிப் பசையால் ஒட்டவேண்டாம். மயிரிழை விலகி ஒட்டினாலும் கடி மாறிவிடும். பசை படிந்த முறிவின் ஓரங்களை, திருத்துபவரால் சேர்த்துப் பார்க்கவும் முடியாது. விழுந்த இடத்தைக் கூட்டித் தேடி, பல் ஒன்று தெறித்திருந்தால் அதனையும், சிறு சில்லாயினும் அதனையும் பொறுக்கி, நனைந்த துணியிற் சுற்றி, கிளினிக் கொப்பியோடு எடுத்துச் செல்க.